உரிமைக்கும் ஓர் அளவை உண்டு

திருமறையின் 83-வது அத்தியாயம் அளவையில் மோசடி செய்வோரைப் பற்றிய கடும் எச்சரிக்கையுடன் தொடங்குகிறது. தமக்கென்று வாங்கும்போது மரக்கால் நிறைய வாங்கி, பிறருக்கு அளக்கும்போது குறைத்துக் கொடுப்போரையே அது சாடுகிறது. இது வியாபாரிகளுக்கு மட்டும் உரிய பாடமன்று. அஸர் ஜமாஅத்தைத் தவறவிட்ட ஒருவரை ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் இதே சொல்லால் கடிந்ததாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் காண்கிறோம். அமலுக்கு அளவை உண்டென்றால், மனிதர்களின் உரிமைகளுக்கு மட்டும் அளவை இல்லாமல் போகுமா?

ஐரோப்பாவில் நடந்த சில வழக்குகளை இந்த அளவையில் வைத்து நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

சுவீடன் நாட்டில் ஓலாந்து தீவிலுள்ள போர்க்ஹோம் என்ற ஊரில், 2003 ஜூலையில் ஆக்கே கிரீன் என்ற பெந்தெகொஸ்தே பாதிரியார் ஒரு பிரசங்கம் செய்தார். ஓரினச் சேர்க்கை பாவம் என்று பைபிளை ஆதாரம் காட்டிப் பேசிய அவர், அத்துடன் நிற்கவில்லை. முறைதவறிய பாலுறவுகளைச் சமுதாய உடலில் வளர்ந்த புற்றுநோய்க் கட்டிக்கும் ஒப்பிட்டார். ஒரு கூட்டத்தார் மீது வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கும் சட்டம் அந்நாட்டில் 1948-லேயே இயற்றப்பட்டது. யூதர்களுக்கு எதிரான விஷப் பிரச்சாரமே அதற்குக் காரணம். ஓரினச் சேர்க்கையாளர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு 2003 தொடக்கத்திலிருந்து விரிவாக்கப்பட்டிருந்தது. அதன்படி 2004-ல் கீழ் நீதிமன்றம் பாதிரியாருக்கு ஒரு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. 2005 பிப்ரவரியில் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அந்த விடுதலையை உறுதி செய்தது.

உச்ச நீதிமன்றம் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. சுவீடன் சட்டத்தின் வாசகத்தை மட்டும் பார்த்தால் குற்றம் பொருந்தும். ஆனால் மத சுதந்திரத்தையும் பேச்சுரிமையையும் காக்கும் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின்படி இத்தண்டனை நிலைக்காது என்பதே அதன் முடிவு.

இது கிறிஸ்தவர்களின் வீட்டு விவகாரம், நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். நம்மவர் சம்பந்தப்பட்ட இரண்டு வழக்குகளையும் பாருங்கள்.

1988-ல் சல்மான் ருஷ்டியின் நூல் வெளிவந்து முஸ்லிம்களின் உள்ளங்களைப் புண்படுத்தியபோது, பிரிட்டிஷ் முஸ்லிம்கள் நீதிமன்றத்தை நாடினார்கள். இங்கிலாந்தின் தெய்வ நிந்தனைச் சட்டம் கிறிஸ்தவ மதத்தை மட்டுமே காக்கும் என்று 1990-ல் அவர்களுக்குப் பதில் கிடைத்தது. அது குறைந்த அளவை என்று நாம் வருந்தினோம். அந்த வருத்தம் நியாயமானதே. பிறகு 2008-ல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. மற்றொன்று ஆஸ்திரியாவில் நடந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமணத்தைக் குறித்து 2009-ல் இழிவாகப் பேசிய ஒரு பெண்ணுக்கு அந்நாட்டு நீதிமன்றம் 480 யூரோ அபராதம் விதித்தது. அவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் முறையிட்டார். பேச்சுரிமை மீறப்படவில்லை என்று 2018 அக்டோபரில் அது தீர்ப்பளித்தது. நாம் மகிழ்ந்தோம்.

பாதிரியாரை விடுவிக்கக் காரணமாயிருந்த உடன்படிக்கையும், இந்த அபராதத்தை நிலைநிறுத்திய நீதிமன்றம் கையிலெடுத்த உடன்படிக்கையும் ஒன்றே! அப்படியிருக்க, நம்மைப் புண்படுத்தியவருக்குத் தண்டனை கேட்கும்போது மரக்கால் நிறையக் கேட்பதும், பிற மதத்தவர் தம் வேதத்தைச் சொல்லும் உரிமை பறிபோகும்போது பாராமுகமாய் இருப்பதும் எந்த வகை நீதி?

பிறர் மனம் வருந்துவதே குற்றம் என்று ஒரு சட்டம் வந்தால் என்னவாகும்? ஈஸா (அலை) அவர்கள் அல்லாஹ்வின் தூதரே; அவனுக்குப் பிள்ளையில்லை என்கிறோம். சூரத்துல் இக்லாஸை நம் வீட்டுச் சிறு பிள்ளையும் ஓதுகிறது. ஒரு கிறிஸ்தவரின் மனம் அதனால் வருந்தக்கூடும். அவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை ஏற்க மறுப்பது நமக்கு வருத்தம் தருவதைப் போன்றதே அதுவும். வருத்தமே குற்றமென்றால் நமது கலிமாவும் குற்றவாளிக் கூண்டில் ஏற நேரிடும்.

அப்படியானால் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசலாமா? கூடாது. “இது பாவம்” என்று சொல்வது மார்க்கம். “இவன் மனிதனே அல்ல” என்று சொல்வது வசை. கொள்கையை மறுப்பது வேறு, கொள்கை உடையவரை இழிவுபடுத்துவது வேறு. இரண்டுக்கும் இடையிலுள்ள கோடு சில வேளை மெல்லியதாகிவிடும் என்பதற்குப் பாதிரியாரின் பிரசங்கமே சாட்சி. ஆனால் அந்தக் கோட்டை நமக்கு ஓர் இடத்திலும் பிறருக்கு வேறோர் இடத்திலும் போடுவதுதான் மோசடி.

நஜ்ரான் கிறிஸ்தவர்கள் மதீனாவுக்கு வந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நடந்துகொண்ட முறையை எண்ணிப் பாருங்கள். அவர்களுடைய கொள்கை தவறென்பதை முகத்துக்கு நேரே எடுத்துரைத்தார்கள். உண்மையைச் சொல்வதில் தயக்கமில்லை. ஆனால் ஏச்சும் இல்லை. அவர்கள் தங்கள் மதத்திலேயே இருந்துகொள்ள உடன்படிக்கை செய்து அனுப்பி வைத்தார்கள். பிறர் வணங்குபவற்றை ஏச வேண்டாம் என்று திருமறையின் ஆறாவது அத்தியாயம் (6:108) தடுக்கிறது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்யக்கூடாது என்று ஐந்தாவது அத்தியாயம் (5:8) கட்டளையிடுகிறது. ஐரோப்பாவில் எந்தச் சட்டம் வந்தாலும் போனாலும் இவ்விரண்டும் நமக்கு நிரந்தரச் சட்டங்கள்.

எனவே மிம்பரில் நிற்கும் ஆலிம்களும், திண்ணையில் பேசும் பெரியவர்களும், பிள்ளைகளுக்கு மார்க்கம் சொல்லிக்கொடுக்கும் தாய்மார்களும் ஒன்றை மனத்தில் வைப்பது நல்லது. பிற மதத்தவர் நம்மைப் பற்றி எப்படிப் பேச வேண்டுமென்று விரும்புகிறோமோ, அவர்களைப் பற்றி அப்படியே நாமும் பேச வேண்டும். நாம் நம் வேதத்தைத் தடையின்றிச் சொல்ல விரும்புவது போலவே, அவர்கள் தங்கள் வேதத்தைச் சொல்லும் உரிமைக்கும் நாம் சாட்சியாக நிற்க வேண்டும்.

மறுமையின் தராசில் நம் சொற்களும் நிறுக்கப்படும். அந்நாளில் அளவு குறைத்தவர்களின் அணியில் நிற்காமல் வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.