பொருளுக்கென்று ஓர் இடம் உண்டோ?

நோட்டன் பிரிட்ஜுக்கு அருகே உள்ள தேயிலைத் தோட்டமொன்றில், லயத்தை விட்டுத் தனிவீடுகளுக்குப் பெயரவிருக்கும் குடும்பங்களுக்காக ஏழு பேர்ச் காணிகளைப் பிரித்து வரைகின்ற படவரைஞன் ஒருவன், கணினித் திரையில் ஒரு வீட்டின் உருவைப் பற்றிச் சரிவின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்த்த முற்பட்டு, கட்டளையை முடித்த கணத்திலேயே அவ்வீடு திரையினின்றும் அடியோடு மறைந்துவிடக் காண்கிறான் என்று கொள்வோம். அழிந்ததோ எனில், அழியவில்லை. முழுப் படத்தையும் திரைக்குள் அடக்குமாறு பணித்தால், தோட்டம் முழுவதும் ஒரு புள்ளியாய்ச் சுருங்க, எட்டாத் தொலைவில் மற்றொரு புள்ளியாய் அந்த வீடு தென்படும்.

காரணம் எளியது. ஓட்டோகாட் போன்ற மென்பொருளில் நகர்த்தும் கட்டளை இரண்டு புள்ளிகளைக் கேட்கும்: எந்த ஆதாரப் புள்ளியைப் பற்றித் தூக்குவது, அதனை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று. இரண்டாவதைச் சுட்டாமல் என்டர் விசையைத் தட்டிவிட்டால், முதற்புள்ளியின் ஆள்கூறுகளையே நகரவேண்டிய தூரமாக அது எடுத்துக்கொள்கிறது. இன்றைய இலங்கை நில அளவை முறையில் பீதுருதலாகலை உச்சிக்குக் கிழக்கெண் 500,000 மீற்றர், வடக்கெண் 500,000 மீற்றர் என்று வைத்திருக்கிறார்கள். அவ்வுச்சிக்கு மேற்கே ஏறத்தாழ 28 கிலோமீற்றரும் தெற்கே 10 கிலோமீற்றரும் விலகியிருக்கும் நோட்டன் பிரிட்ஜின் எண்கள், ஆகவே, சுமார் 472,000, 490,000. நம் படவரைஞனின் வீடு அத்தனை மீற்றர் கிழக்கேயும் வடக்கேயும் பறந்து வங்காள விரிகுடாவில் விழுந்திருக்கிறது. பழைய முறையிலோ அதே உச்சிக்கு 200,000, 200,000 என்பதே கணக்கு. அக்காலத்துப் படத்தைத் திருத்தாமல் இக்காலத்துப் படத்தின்மேல் வைப்பவனுடைய தோட்டம் 300 கிலோமீற்றர் மேற்கும் 300 கிலோமீற்றர் தெற்கும் தள்ளி இந்து சமுத்திரத்தில் மிதக்கும்.

இங்கே ஒரு சந்தேகம் எழுகிறது. வீடு தவறான இடத்தில் இருக்கிறது என்கிறோமே, அந்தத் தவறு வீட்டினிடத்திலா, இடத்தினிடத்திலா? சுவரொன்றும் கோணவில்லை, அளவொன்றும் மாறவில்லை. பழைய படத்தைத் தனியே விரித்தால் அதில் குற்றம் காண எவராலும் இயலாது.

நம் தார்க்கிகர் இவ்வினாவை வேறொரு முகத்தால் அணுகியவர்கள். வைசேஷிகர் ஒன்பது திரவியங்களை எண்ணும்போது திக்கு என்பதையும் அவற்றுள் ஒன்றாக வைத்து, அது ஏகம், நித்தியம், எங்கும் வியாபித்தது என்றனர். தர்க்கசங்கிரகம் பயிலும் மாணவனுக்கும் இது முதற்பாடங்களுள் ஒன்று. ஒன்றேயான அத்திக்கினுள் கிழக்கென்றும் மேற்கென்றும் பேதம் வந்தது எவ்வாறு எனின், சூரியோதயம் என்னும் உபாதியால், அதாவது புறத்தே நின்று வரையறுப்பதொன்றால், வந்தது என்பது அவர்கள் விடை. பீதுருதலாகலைக்கு அளித்த எண்ணும் அத்தகைய உபாதியே. அம்மலையின் அடியில் 500,000 என்று எவரும் பொறித்து வைக்கவில்லை. தீவின் எந்த மூலைக்கும் கழித்தற்குறியுள்ள எண் வராதிருக்க வேண்டும் என்னும் வசதிக்காக ஏற்பட்ட எண் அது. இவ்வளவில் நின்று, இடமென்பதே வெறும் கற்பனை என்று முடிவுகட்டுவோர் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உபாதியால் வந்ததென்பதனால் கிழக்கு பொய்யாகிவிடாது. எந்த உபாதியால் வந்தது என்பதை மறைக்கும்போதுதான் அது பொய்யாகிறது.

இதனை வைதிகச் சடங்கு நன்கு அறிந்திருக்கிறது. பூஜையின் முதலில் செய்யும் சங்கற்பத்திலே, கர்த்தா தன்னை மேருவுக்கு எந்தப் பக்கத்தவன், எந்தத் துவீபத்தவன் என்று வாய்விட்டுச் சொல்லி, காலத்தையும் சொல்லி, அதன் பின்னரே தன் விருப்பத்தைக் கூறுகிறான். மேரு எங்கே என்று கேட்டு நகைப்போர் நகைக்கட்டும். தன் ஆதாரப் புள்ளியை உரக்க அறிவித்த பிறகே கேட்கத் தொடங்கும் அந்த ஒழுங்கு எனக்கு மிக உயர்ந்ததாகத் தோன்றுகிறது. ஆலயத் திருப்பணியின்போது மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்திலே ஆவாகித்துப் பாலாலயத்தில் வைத்துப் பூஜித்து, பின் கும்பாபிஷேகத்தன்று மூலஸ்தானத்தில் சேர்ப்பிக்கும் ஆகம முறையும் இதனோடு ஒத்ததே: எங்கிருந்து எடுத்தது, எங்கே சேர்ப்பது என்னும் இரண்டும் அங்கே நிர்ணயமானவை. 1960களின் பிற்பகுதியில் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் அமிழ்ந்து, ஊர் மேட்டுக்குப் பெயர்ந்தது. வறட்சியில் நீர் இறங்குந்தோறும் பழைய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் வெளிப்பட, மக்கள் சென்று பார்க்கிறார்கள். புதிய கோயில் இருக்க இடிந்த சுவரின்முன் கைகூப்புவானேன் என்று கேட்பவர், தெய்வம் நகர்ந்தபின்னும் ஆதாரம் அங்கேயே நிற்பதை மறந்தவர்.

அக்காலத்தில் இம்மலைகளில் இரண்டு பெயர்ப்புகள் ஏறக்குறைய ஒருசேர நிகழ்ந்தன. 1918லேயே நீர்வலியால் மின்சாரம் எடுக்கலாமென வாதாடிய பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரவின் பெயரால் நோட்டன் பிரிட்ஜில் அமைந்த மின்நிலையம், காசல்ரீ நீரைச் சுரங்கவழியே பெற்று 1965ல் இயங்கத் தொடங்கியது. கடல்மட்டத்தை ஆதாரமாகக் கொண்டு அளந்த நீர் அது. வரவேண்டிய இடத்துக்கு வந்தது. அதற்குச் சற்று முன்னே, 1964 அக்டோபர் 30ல், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்திய வம்சாவளியினரான 975,000 மக்களை முன்வைத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் எனப் பங்கிட்டார்கள். இந்தக் கணக்கின் ஆதாரப் புள்ளி எது? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இங்கேயே பிறந்தவனிடமும், அவன் தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இந்நாட்டிலே பிறந்தமையை நிறுவச் சொன்னது. பதிவுகளே அரிதாயிருந்த பூட்டன் காலத்துப் பிறப்பைப் பிடித்துத் தூக்கினால், தூக்கப்பட்டவன் எங்கே போய் விழுவான் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அப்புள்ளியை மாற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாய் வசித்தவரும் அவர்தம் சந்ததியாரும் பிரஜைகளாகலாம் என்றது. அவர்களுள் ஒருவரும் ஓரடி நகராமலே நாட்டின் உள்ளே வந்துவிட்டனர். சட்டங்களுள் இத்தனை சுத்தமாக ஒரு பிழையைத் திருத்தியவை மிகச் சிலவே என்பது என் எண்ணம்.

படவரைஞர் அறிந்த மற்றொரு பிழை இன்னும் இருக்கிறது. பற்றிய புள்ளி மலையின் உயரத்திலும் வைத்த புள்ளி பூச்சிய மட்டத்திலுமாக அமைந்துவிட்டால், மேலிருந்து பார்க்கையில் வீடு கச்சிதமாகத் தன் காணிக்குள் பொருந்தியிருக்கும். படத்தைத் திருப்பிப் பக்கவாட்டில் நோக்கினால் மட்டுமே அது நிலத்துக்கு எத்தனையோ அடி கீழே கிடப்பது புலனாகும். துரைமார் பங்களாக்கள் மேட்டில் இருந்தமையால் இவ்வகைப் பிழை அவர்கள் கண்ணில் பட்டிருக்க நியாயமில்லை. தோட்டத்து மக்களின் இன்றைய நிலையும் அத்தகையதே: வாக்காளர் இடாப்பில் பெயர் உண்டு, ஆள்கூறும் உண்டு. பெரும்பாலோர் குடியிருக்கும் லயத்து மண் மாத்திரம் அரசுக்குச் சொந்தமாய், 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகளின் பொறுப்பில் இருந்துவருகிறது. அந்த ஏழு பேர்ச்சை எவர் பெயரில் எழுதுவது, அதற்கு எதனை ஆதாரமாகக் கொள்வது என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு விடை வருகிறது.