சாவா மூவாப் பேராடு

அப்பாவின் திதியன்று கோயிலில் ஒரு விளக்கு எரியவேண்டும், என்றைக்கும் எரியவேண்டும் என்றாள் அம்மா. செல்லூரில் கடைசிவரை தறி நெய்தவர் அப்பா. வட்டியில் விளக்கு எரியட்டும் என்று பணத்தை என்னிடமே கொடுத்தாள்; நான் வங்கிக் குமாஸ்தா. வைப்புத்தொகைப் படிவத்தில் 'காலம்' என்ற கட்டத்தருகே பேனா நின்றுவிட்டது. பத்து வருஷத்துக்கு மேல் எழுத இடமில்லை.

ராஜராஜனின் தஞ்சைக் கோயிலில் இந்தக் கணக்கு வேறுவிதமாகத் தீர்க்கப்பட்டது. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். இடையன் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். சந்திராதித்தவற், அதாவது சந்திர சூரியர் உள்ளவரை. கல்வெட்டுக்கள் இம்மாதிரி மந்தைகளைச் சாவா மூவாப் பேராடு என்றன. ஆடுகள் செத்தன. எண்ணிக்கைதான் சாகவில்லை.

காலம் முடிவற்றதாக இருக்கமுடியுமா? உலகுக்குத் தொடக்கம் இல்லையெனில் முடிவற்றதொரு தொடர் இன்றோடு முடிந்துவிட்டதாகும், அது அசாத்தியம் என்பது 1781-ல் காண்ட் முன்வைத்த முரணின் ஒரு பக்கம். தொடக்கம் உண்டெனில் அதற்கு முந்தைய வெற்றுக் காலத்தில் எதுவும் தொடங்கக் காரணமில்லை என்பது மறுபக்கம். முதல் பக்கம் எனக்கு உடன்பாடில்லை. எங்கோ ஒரு முதல் நாளை ரகசியமாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து இன்றுக்கு நடந்து வரமுடியாது என்கிறது அது. முதல் நாளே இல்லையென்றால், கடந்துபோன எந்த நாளை எடுத்தாலும் அதற்கும் இன்றைக்கும் உள்ள தூரம் எண்ணக்கூடியதே. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் தவமிருந்த சமணர்களுக்கும் காலம் ஆதியும் அந்தமும் அற்றதுதான்.

ஆகவே முடிவின்மையை நினைப்பதில் பிரச்னை இல்லை. வாக்குக் கொடுப்பதில்தான். சூரியனுக்கே இன்னும் சுமார் 500 கோடி வருஷம்தான். வாக்குக் கொடுப்பவனுக்கு அதில் ஒரு துளிகூட இல்லை. அவனுக்குப் பின் வருகிறவன் அளக்கும் நெய்யை நம்பியே அவன் 'என்றைக்கும்' என்கிறான். பழைய பாவு தீரும்போது அதன் நுனியில் புதிய பாவை இழை இழையாகப் பிணைப்பார்கள். தறி ஓய்வதில்லை. ஆனால் பிணைக்க ஒரு ஆள் வேண்டும்.

பத்து வருஷம் என்று எழுதினேன். அம்மாவிடம், "என்றைக்கும்னு எழுதிட்டேம்மா" என்றேன். இது பொய்யா என்பது பத்தாவது வருஷம் நான் என்ன செய்கிறேன் என்பதைப் பொறுத்தது. எனக்குப் பிறகு? படிவத்தில் நாமினி என்று இன்னொரு கட்டம் இருந்தது. ஏழு வயது மகளின் பெயரை எழுதினேன்.

அவளை இன்னும் கேட்கவில்லை.