வண்டிக்குப் பூட்டு, தலைக்கு நஸீபா?



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் போகும் ஒருவரிடம் ஏன் என்று கேட்டுப் பாருங்கள். "பக்கத்துத் தெருவுக்குத்தானே" என்பார். "வெயில் தாங்கவில்லை" என்பார். இன்னும் வற்புறுத்தினால், "மவுத் எழுதியிருந்தால் ஹெல்மெட் போட்டாலும் வரும், எல்லாம் நஸீபு" என்று முடித்துவிடுவார். முதல் இரண்டும் வெறும் சாக்கு. மூன்றாவது பதில் ஈமானின் பெயரால் சொல்லப்படுகிறது. ஆகவே அதற்கு மார்க்கத்தில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது நம் கடமை.

அதே சகோதரர் கடைவீதியில் வண்டியை நிறுத்தும்போது ஹேண்டில் லாக் போடுகிறார். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். நாலடி நடந்த பிறகு, பூட்டினோமா என்று ஒருமுறை திரும்பியும் பார்க்கிறார். 'களவு போக எழுதியிருந்தால் போகட்டும்' என்று சாவியை வண்டியிலேயே விட்டு வருவதில்லை. காசு கொடுத்து வாங்கிய வண்டிக்குப் பூட்டு வேண்டும் என்று தெரிகிறது. அல்லாஹ் கொடுத்த தலைக்கு மட்டும் நஸீபு போதுமா?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கவா, அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைக்கவா என்று ஒருவர் கேட்டபோது, கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதைத் திர்மிதியில் பார்க்கிறோம். நாமோ ஒட்டகத்தை ஒழுங்காகக் கட்டிவிடுகிறோம். அதில் ஏறி வந்தவனைத்தான் அவிழ்த்துவிடுகிறோம்.

உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் புறப்பட்டு, ஸர்ஃக் என்ற இடத்தை அடைந்தபோது அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. ஆலோசனை செய்து, திரும்பிவிட முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்று உமர் (ரலி) விளக்கினார்கள். ஆபத்து விதி என்றால் அதிலிருந்து விலகும் வழியும் விதிதான்.

இவ்வளவு ஏன், நபி (ஸல்) அவர்களைவிட அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்தவர் யார்? உஹுத் போரில் அவர்கள் தலைக்கவசம் அணிந்திருந்தார்கள். அது அவர்களின் தலைமீதே நொறுங்கியது என்று புகாரியில் பதிவாகியிருக்கிறது. மக்கா வெற்றியின்போதும் தலைக்கவசத்துடன்தான் நகருக்குள் நுழைந்தார்கள்.

களா கத்ரை நம்புவது ஈமானில் உள்ளது. அதில் சந்தேகமில்லை. ஹெல்மெட் போட்டவரும் இறந்திருக்கிறார், போடாதவரும் பிழைத்திருக்கிறார். அதுவும் உண்மைதான். ஆனால் நமக்கு என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. என்ன ஏவப்பட்டிருக்கிறது என்பது தெரியும். நம்மை நாமே அழிவில் போட்டுக்கொள்வதை அல்லாஹ் அல்பகரா 195ஆம் வசனத்தில் தடுக்கிறான். தெரியாததைக் காட்டித் தெரிந்ததை விட்டுவிட முடியாது.

அழிவு என்பது மிகையான சொல் அல்ல. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 50,029 பேர் ஹெல்மெட் அணியாமல் சென்றவர்கள். இது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. விபத்தில் சிக்கியவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஹெல்மெட் மரண அபாயத்தைச் சுமார் 42 சதவீதமும், தலைக்காய அபாயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது. கொக்கி மாட்டாமல் வைத்த ஹெல்மெட் விழும்போது தலையோடு வராது. கண்ணாடியில் தொங்கும் ஹெல்மெட் கண்ணாடியைத்தான் காக்கும்.

"என் தலை, என் உயிர், உனக்கென்ன?" என்று இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். தம்பி, அது உன்னுடையது அல்ல, அல்லாஹ் தந்த அமானிதம். அதில் உன் பெற்றோருக்கும் மனைவி மக்களுக்கும் ஹக்கு இருக்கிறது. நீ விழுந்தால் ஐசியூ வாசலில் நிற்பவர்கள் அவர்கள்தான்.

சாலையில் உன் உயிர் மட்டும் இல்லை என்பதையும் யோசித்துப் பார். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. போனை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு நிமிர்வதற்குள் ஒரு குழந்தை குறுக்கே வந்துவிடும். "வேண்டுமென்றா செய்தேன்?" என்று கேட்பாய். அந்நிஸா 92ஆம் வசனத்தைப் பார். தவறுதலாக ஓர் உயிர் போனாலும் குடும்பத்தாருக்கு நஷ்டஈடு, அதோடு பரிகாரம். விடுதலை செய்ய அடிமை இல்லையென்றால் தொடர்ந்து இரண்டு மாத நோன்பு. கவனக்குறைவால் வாகனம் மோதிப் போகும் உயிரையும் மார்க்க அறிஞர்கள் இதில்தான் சேர்க்கிறார்கள். நிய்யத் இல்லை என்பதால் பொறுப்பு இல்லாமல் போவதில்லை.

குடும்பத் தலைவர்களே! நீங்கள் ஹெல்மெட் போட்டிருக்கிறீர்கள், பின்னால் இருக்கும் மனைவிக்கு இல்லை, மடியில் பிள்ளை. நீங்கள் அவர்களின் பொறுப்பாளர் அல்லவா? பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்பது சட்டத்திலும் இருக்கிறது. புர்காவின் நுனி சக்கரத்தில் சிக்காமல் சுருட்டிக்கொண்டாரா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். பதினெட்டு வயது ஆகாத மகன் வண்டி ஓட்டிக் குற்றமிழைத்தால், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் தகப்பனுக்கு வரும். அவன் கேட்கிறான் என்று சாவியைக் கொடுப்பது பாசம் அல்ல.

இந்த ஜும்ஆவையே எடுத்துக்கொள்வோம். தொப்பி கசங்கும் என்று ஹெல்மெட்டை வீட்டில் வைத்துவிட்டு, பாங்கு சொன்ன பிறகு புறப்பட்டு, ஒருவழிப் பாதையில் எதிராக வந்து, பள்ளிவாசல் முன் ரோட்டை அடைத்து வண்டியை நிறுத்துகிறோம். தொழுகைக்கு ஓடி வராமல் அமைதியாக வரும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். நடந்து வருபவருக்கே அந்த நிதானம் என்றால் வண்டியில் வருபவருக்கு எவ்வளவு வேண்டும்! பத்து நிமிடம் முன்னால் புறப்படுங்கள். தொப்பி சட்டைப்பையில் இருக்கட்டும். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை. நம் வண்டியே அந்த இடையூறாக வேண்டாம்.

வாகனத்தில் ஏறும்போது துஆ ஓதுகிறோம். ஓதுங்கள். ஓதிவிட்டுக் கொக்கியையும் மாட்டுங்கள்.

யா அல்லாஹ்! நீ தந்த உயிரை அமானிதமாகப் பேணும் நற்பேற்றை எங்களுக்குத் தருவாயாக. எங்களால் பிற உயிர்களுக்குத் தீங்கு வராமல் காப்பாயாக. பயணம் போன எங்கள் பிள்ளைகளை ஸலாமத்தாக வீடு சேர்ப்பாயாக. ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.