முள்ளில்லாத மீன்

அக்கா பேத்தி பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். ஒன்பது வயது. மீன் சாப்பிடுவாயா என்று கேட்டேன். "சாப்பிடுவேன் தாத்தா, ஆனா மீன் மாதிரி இருக்கக்கூடாது" என்றாள். ஃபிஷ் ஃபிங்கரைத்தான் சொல்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று.

மறுநாள் காலை புதுச்சேரிக்கு வடக்கே உள்ள கடற்கரைக் குப்பமான பொம்மையார்பாளையம் போனேன். 1980-களின் இறுதியில் புதுச்சேரியில் துறைமுகம் கட்டியபோது, வடக்கு நோக்கிக் கடல் சுமந்து வந்த மணல் அதன் தடுப்புச் சுவரில் நின்றுவிட்டது. மணல் வராத கரையைக் கடல் தின்னத் தொடங்கிற்று. இன்று இந்தக் குப்பத்தில் படகை ஏற்றி வைக்கவே இடம் தேட வேண்டியிருக்கிறது. ஆனாலும் மீன் வருகிறது.

இரண்டு கிலோ கொடுவா ஒன்றைப் பிடித்துப்போயிற்று. தோல், முள் எதுவும் வேண்டாம், சதை மட்டும் போதும் என்றேன். கூடைக்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். "அப்புறம் மீனுல இன்னா சார் இருக்குது?" என்று சிரித்துக்கொண்டே நடுமுள்ளை ஒட்டிக் கத்தியை ஓட்டினார். சதை ஒரு கிலோ தேறவில்லை. தலையையும் முள்ளையும் தனிப் பையில் போட்டு, "இத்த வுட்டுட்டுப் போயிடாதீங்க" என்றார்.

மொறுமொறுப்புக்கு முதல் எதிரி ஈரம். விரல் பருமனுக்கு நறுக்கிய துண்டுகளைத் துணியால் ஒற்றி எடுத்தேன். உப்பு, மிளகுத்தூள், இஞ்சி பூண்டு விழுது. எலுமிச்சை சில துளிகள்தான். கூடினால் சதை குழைந்துவிடும். பிறகு மைதாவில் புரட்டி, அடித்த முட்டையில் முக்கி, ரஸ்க் தூளில் உருட்டி, இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தேன். இந்தக் காத்திருப்பைத் தவிர்த்தால் மேல்பூச்சு சட்டியில் கழன்றுவிடும். எண்ணெயில் ஒரு துளித் தூளைப் போட்டால் உடனே சலசலத்து மேலே வர வேண்டும். ஒரு ஈட்டுக்கு நான்கைந்து துண்டுகள் போதும், நிறையப் போட்டால் சூடு இறங்கி எண்ணெய் குடிக்கும். எடுத்ததும் காகிதத்தில் குவிக்காமல் கம்பி வலையில் வைத்தேன். குவித்தால் தன் ஆவியிலேயே நமத்துப்போகும். தொட்டுக்கொள்ள, துணியில் வடித்த கெட்டித் தயிரில் கொஞ்சம் மயோனைஸ், துருவிய பூண்டு, இடித்த பச்சைமிளகாய், கொத்தமல்லி.

இந்தப் பண்டத்தின் பூர்வீகம் விசித்திரமானது. 1955-ல் பேர்ட்ஸ் ஐ நிறுவனம் இங்கிலாந்தில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குமுன் நடத்திய சோதனையில் அவர்கள் விற்க நினைத்தது ஹெர்ரிங் மீனை, அதாவது நம் மத்தியின் உறவுக்காரனை. முள்ளும் நெய்யும் மணமும் உள்ள மலிவான மீன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சப்பென்ற காட் மீனையும் கூடவே வைத்தார்கள். ஜனங்கள் சப்பென்றதையே கேட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பத்து வயது வரை நானும் முள்ளில்லாத மீன்தான் தின்றேன். பாட்டி என் தட்டருகே உட்கார்ந்து, மத்தியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நெருடி நெருடிப் பார்த்து, சோற்றில் பிசைந்து உருட்டித் தருவாள். கண் சரியாகத் தெரியாத வயது அவளுக்கு; மயிரிழை முள்ளும் விரலுக்குத் தப்பாது. எடுத்த முள்ளெல்லாம் தட்டின் ஓரத்தில் குவிந்திருக்கும். சாப்பிட்டு முடிக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒருநாள் அவள் வீட்டில் இல்லை. நானே நெருடிப் பார்த்தேன். யாரும் சொல்லிக்கொடுத்த ஞாபகமில்லை.

நான் செய்ததிலோ முள் வீட்டுக்குள் வரும்போதே தனிப் பையில் கட்டி வந்தது. குழந்தைக்கு மீனைத் தந்தேனா, மீனிடமிருந்து குழந்தையைக் காப்பாற்றினேனா? இந்தக் கேள்வி எனக்கு மீனோடு நிற்கவில்லை. பிள்ளைகளை வளர்த்தபோது வீட்டுக் கடனையும் மருத்துவமனை அலைச்சலையும் அவர்கள் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தவன் நான். அதை அன்பு என்றுதான் அப்போது நம்பினேன். பாதியளவு இப்போதும் நம்புகிறேன்.

அக்கா அந்தப் பையைப் பிரித்துக் குழம்பு வைத்துவிட்டாள். புளியும் பூண்டும் வெந்தயமும் கொதிக்கிற வாசனைக்குப் பேத்தி அடுப்படிக்கு வந்தாள். சட்டியில் கொடுவாத் தலை வாயைத் திறந்துகொண்டு மிதந்தது. வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். "இது அதோடதா?" என்றாள். ஆமாம் என்றேன்.

தன் தட்டிலிருந்த கடைசித் துண்டை எடுத்தாள். தயிர்க் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, அக்கா ஊற்றிய குழம்பில் முழுதாக முக்கினாள். மொறுமொறுப்பெல்லாம் போச்சே என்று வாய்வரை வந்தது. பேசாமல் இருந்துவிட்டேன்.