ஜெனரேட்டர் வரும்வரை காத்திருக்காதே!

ஜெனரேட்டர் இல்லை, ஹெச்.எம்.ஐ. விளக்கு இல்லை, அதனால் இரவுக் காட்சியையே கதையிலிருந்து தூக்கிவிட்டேன் என்கிறாயா? கதையை வெட்டத் துணிந்த உனக்கு, கையிலிருக்கும் ஒற்றை விளக்கை ஏற்றத் துணிவில்லையா?

முதலில் ஒரு கணக்கைக் கேள். கோடக் விஷன்3 500டி, டங்ஸ்டன் வெளிச்சத்துக்கான பிலிம். அதன் வேகம் 500. லென்ஸை எஃப் 1.4-க்குத் திறந்து, நொடிக்கு 24 ஃபிரேம் ஓட்டினால் ஒரு முகம் சரியாகப் பதிய ஏறக்குறைய 5 ஃபுட்கேண்டில் போதும். ஓரடி தூரத்தில் ஐந்து மெழுகுவர்த்தி ஏற்றினால் கிடைக்கும் வெளிச்சம் அது! கிரெய்ன் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்று லேபில் ஒரு ஸ்டாப் புஷ் செய்யச் சொன்னால், அதிலும் பாதி போதும். இதற்கா இத்தனை நாள் பயந்தாய்?

கருவி வந்தபிறகுதான் கலை வரும் என்பவர்கள் சுப்ரதோ மித்ராவைப் பார்க்கட்டும். 'பாதேர் பாஞ்சாலி'க்கு சத்யஜித் ராய் அவரை ஒளிப்பதிவாளராக்கியபோது அவருக்கு வயது 21. அதற்குமுன் சினிமா கேமராவை அவர் இயக்கியதே இல்லை. அடுத்து வந்த 'அபராஜிதோ'வில் (1956) காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவில் செட் போட்டார்கள். வானத்திலிருந்து இறங்கும் மென்மையான வெளிச்சம் அங்கே வேண்டும். மித்ரா முற்றத்தின் மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டினார். கீழிருந்து விளக்கை அதில் அடித்துத் திருப்பினார். துணிதான், தோழா! உன் வீட்டில் ஒரு வெள்ளை வேட்டி இல்லையா?

'டேஸ் ஆஃப் ஹெவன்' (1978) படத்தில் ஒளிப்பதிவாளர் நெஸ்டோர் அல்மெண்ட்ரோஸ் சூரியன் மறைந்தபின் கிடைக்கும் சுமார் 20 நிமிட வெளிச்சத்தை நம்பிக் காட்சிகள் எடுத்தார். வயல் பற்றி எரியும் இரவில் நெருப்பையே விளக்காக்கினார். ஆஸ்கர் அவர் வீட்டுக்கு வந்தது.

இனி உன் முறை. அகலமான ஷாட்டை அந்தியிலேயே முடி. தெருவிளக்கு எரியத் தொடங்கி, வானத்தில் நீலம் மிச்சமிருக்கும் நேரம் அது. ஒத்திகையை அதற்கு முன்பே முடித்துவிடு; 35 எம்.எம். பிலிமில் 400 அடி ரோல் நாலரை நிமிடம்கூட ஓடாது.

இருட்டியபின் குளோசப்புக்கு வா. டீக்கடை ஓரம் நடிகரை நிறுத்து. ஒரே ஒரு 1 கிலோவாட் பேபி விளக்குதான் இருக்கிறதா? அதை முன்னால் வைத்து அடிக்காதே. முகம் தட்டையாகும், இரவு செத்துப்போகும். அவருக்குப் பின்னால், உயரத்தில் ஏற்று. முடியிலும் தோளிலும் வெளிச்சக் கோடு விழும். பாய்லர் ஆவி வெள்ளையாக எழும். கேபிளையெல்லாம் தரையிலிருந்து தூக்கிக் கட்டிவிட்டு, ரோட்டில் நாலு குடம் தண்ணீர் ஊற்று. கறுத்துக் கிடந்த தார் பளபளக்கும். முகத்துக்குக் கடை பல்பு. வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்ப, ஃபிரேமுக்கு வெளியே ஒரு தெர்மாகோல். பின்வெளிச்சம் போதவில்லையா? விளக்கை 20 அடியிலிருந்து 10 அடிக்கு நகர்த்து. வெளிச்சம் நான்கு மடங்காகும், செலவு ஒரு பைசா இல்லை!

ஒன்றில் மட்டும் கறாராக இரு. நெகட்டிவ் பிலிம் வெளிச்சக் குறைவை மன்னிக்காது. எந்த முகம் தெரிய வேண்டுமோ அங்கே மீட்டரை வைத்து அளந்து, அதற்குரியதைக் கொடு. மற்றதெல்லாம் இருட்டாகவே கிடக்கட்டும். எதைக் காட்டுவது, எதை விழுங்கவிடுவது என்று முடிவெடுப்பவர்தான் ஒளிப்பதிவாளர். அந்த முடிவை எந்த வாடகைக் கம்பெனியும் லாரியில் ஏற்றி அனுப்பாது.

ஒற்றை விளக்கில் ஒரு முகத்தைச் சொல்லத் தெரிந்தவருக்கு நாளை நூறு விளக்கு வந்தாலும் கை நடுங்காது. ஒன்றில் கற்காதவருக்கு நூறும் வெறும் வாடகைதான். மீட்டரை எடு. தெருவில் இறங்கு. இன்றிரவே பழகு!