பாட்டிலுக்கும் பனைக்கும் இரண்டு நியாயமா?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. பெரும்பாதகம் செய்தவன் பெயரைக் குடத்தில் போடக்கூடாது என்பது விதி. குடிப்பதும் அந்தப் பாதகங்களில் ஒன்று. பிராமண சபைக்கு எழுதிய விதி அது. நம்மில் பலருடைய பாட்டன்மார் அந்தக் குடத்தின் பக்கமே போயிருக்க முடியாது. இருந்தாலும் வெளியூர்க்காரர் வந்தால் பெருமையாகக் காட்டுகிறோம்.

அதே வட்டாரத்தில், டி.வி. ஸ்டாண்டில் காலி பட்வைசர் பாட்டில் நிற்கிற வீடும் உண்டு. பாண்டிச்சேரிக்கோ பெங்களூருக்கோ போன பிள்ளை கொண்டுவந்தது. லேபிள் நனையாமல் தண்ணீர் ஊற்றி, மணி பிளாண்ட் செருகியிருக்கிறார்கள். குவார்ட்டர் பாட்டில் வாசல் ஏறினால் துடைப்பம் தூக்குகிற அம்மா, இதை மட்டும் தூசி தட்டி வைக்கிறார். ஃபாரின் ஆச்சே!

எந்த ஃபாரின்? 1876-ல் செயின்ட் லூயிஸில் இந்த பீரை அறிமுகப்படுத்திய அடால்ஃபஸ் புஷ், ஜெர்மனியிலிருந்து பிழைக்கப் போனவர். பெயர் ஒரு செக் ஊருடையது. 2008-ல் கம்பெனியை வாங்கியது பெல்ஜியத்து இன்பெவ். இந்தியாவிலேயே காய்ச்சுகிறார்கள். போதாக்குறைக்கு, அமெரிக்க லேபிளில் பார்லியோடு அரிசியும் சேர்ப்பதாக அச்சிட்டிருக்கிறது. நெல் விளைகிற ஊரில் இதுவா ஃபாரின்?

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. கம்பெனி அசரவில்லை. ஈஸ்ட், மால்ட் பாகு, போதையில்லாத பானம் என்று எதையெதையோ விற்றுப் பெயரைக் காப்பாற்றியது. 1933-ல் பீருக்கு அனுமதி கிடைத்ததும் கிளைட்ஸ்டேல் குதிரைகள் பூட்டிய வண்டியை ஊர்வலம் விட்டார்கள். நம்மூர் உற்சவர் புறப்பாடு கெட்டது. இங்கே சோடா, மியூசிக் சிடி என்று மதுக் கம்பெனிகள் விளம்பரம் செய்வதும் அதே வித்தைதான்.

1964-ல் அமெரிக்காவில் அலிசன், உல் என்ற இருவர் ஒரு சோதனை வெளியிட்டார்கள். லேபிளை உரித்துவிட்டு பீரைக் கொடுத்தால், வாடிக்கையாகக் குடிக்கிறவர்களுக்கே தங்கள் பிராண்ட் எதுவென்று தெரியவில்லை. லேபிளோடு கொடுத்தபோது அவரவர் பிராண்டுக்கு மதிப்பெண் ஏறியது. நாக்கு பார்க்காததைக் கண் பார்த்துச் சொன்னது. கல்லுக்குக் குங்குமம் வைத்தால் சிரிக்கிற நம் தோழர்கள் இதற்கும் கொஞ்சம் சிரிக்கலாம்.

சிரித்துவிட்டு ஏரிக்கரைப் பனையையும் அண்ணாந்து பார்க்கட்டும். பனை நம் மாநில மரம். அதில் ஏறிக் கள் இறக்கினால், 1987-லிருந்து குற்றம். புதிதாக இறக்கிய கள்ளுக்கும் பீருக்கும் போதையில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் ஒன்றை அரசே பில் போட்டு விற்கிறது, இன்னொன்றுக்கு வழக்குப் போடுகிறது. ஊரும் அப்படித்தான்: பீர் குடித்தால் ஸ்டைல், கள் குடித்தால் குடிகாரன். நமக்குக் கோபம் மதுவின் மேலா, குடிக்கிறவன் கட்டியிருக்கும் வேட்டியின் மேலா?

“அப்போ கள்ளுக்கடையைத் திறக்கச் சொல்றீங்களா?” என்பீர்கள். திறங்கள், அல்லது இரண்டையும் மூடுங்கள். எதுவானாலும் ஒரே காரணத்தை இரண்டுக்கும் சொல்லுங்கள். கள்ளில் கலப்படம் என்பது காரணமென்றால், பாலிலும்தான் கலக்கிறார்கள். பாலைச் சோதிக்கிறோம், மாட்டைப் பிடித்து உள்ளே போடுவதில்லை.