முன்கதை கேளாத துணை

சிகிச்சை நாய் என்ற பெயரைக் கேட்டவுடன், நோயைத் தீர்க்கும் நாய் என்று கொண்டுவிடலாகாது. பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய்போல, ஒருவருக்கே உரிய பணிக்காகப் பழக்கப்பட்டதும் அன்று. இயல்பிலேயே சாதுவானது என்று சோதித்துத் தேர்ந்த வீட்டு நாய் ஒன்று, தன்னை வளர்ப்பவரோடு மருத்துவமனைக்கோ, மறுவாழ்வு இல்லத்துக்கோ, சிறைக்கோ செல்கிறது. அங்கிருப்போருடன் சிறிது நேரம் இருந்துவிட்டு வீடு திரும்புகிறது. கனடாவில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பு 1992 முதல் தன்னார்வலர்களைக் கொண்டு இத்தகைய வருகைகளை நடத்திவருகிறது. இவ்வளவு எளிய ஒரு செயல், போதைப் பழக்கத்தில் அகப்பட்டவர்களிடத்திலும் எச்.ஐ.வி. தொற்றக்கூடிய நிலையில் வாழ்பவர்களிடத்திலும் எதைச் செய்ய இயலும் என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

கேள்வியை அதற்குரிய மண்ணில் வைத்துப் பார்ப்போம். கனடாவின் சஸ்காட்செவன் மாகாணம் நெடுங்காலமாக அந்நாட்டின் சராசரியைவிட மிக உயர்ந்த எச்.ஐ.வி. விகிதத்தைச் சுமந்துவருகிறது. அங்கே தொற்றுக்கு நெடுங்காலமாகவே முக்கியக் காரணம், போதை மருந்தை ஏற்றிக்கொள்ளும் ஊசியைப் பகிர்தல். பாதிக்கப்படுவோரில் பூர்வகுடி மக்களின் பங்கு அவர்களுடைய மக்கள்தொகை அளவுக்குச் சற்றும் பொருந்தாதபடி மிகுதி. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய் அடைத்துவைத்த உறைவிடப் பள்ளிகளின் வரலாறு இதற்குப் பின்னால் உண்டு. தலைமுறை தலைமுறையாக அரசுக் கட்டடம் என்றாலே அச்சம் என்று கற்ற ஒரு சமூகத்துக்கு, மருத்துவமனையும் அத்தகைய கட்டடங்களுள் ஒன்றுதான்.

இதைச் சொல்லக் காரணம், மருந்து இல்லாமற்போனது அங்கே முதன்மைச் சிக்கல் அன்று என்பதே. ஓபியாய்டுப் போதைப் பழக்கத்துக்கு மெத்தடோன் என்னும் மாற்று மருந்து உண்டு. சுத்தமான ஊசி கொடுக்கும் மையங்கள் உண்டு. எச்.ஐ.வி. கூட்டு மருந்தை முறையாக உட்கொண்டு, இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையிலேயே இருந்துவந்தால், உடலுறவின் வழியே பிறருக்கு அது தொற்றாது. இத்தனையும் இருந்தும், மனிதர் வாசற்படி ஏறினால்தானே பயன்? காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கும் அரைமணி நேரத்தில், தன்மேல் விழும் பார்வைகளைத் தாங்கமாட்டாமல் எழுந்து போய்விடுகிறவரை எந்த மருந்து எட்டும்?

நாய் நுழைவது இந்த இடத்தில். நாய் யாரையும் எடைபோடாது என்று வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நாய் எடைபோடத்தான் செய்கிறது. கை மெதுவாக நீண்டால் அருகே வருகிறது. குரல் உயர்ந்தால் காதை மடக்கிப் பின்வாங்குகிறது. ஆனால் அதன் கணிப்பு இந்தக் கணத்து நடத்தையோடு முடிந்துவிடுகிறது. கோப்பில் எழுதியிருப்பது, கைமடிப்பில் உள்ள தழும்பு, சென்ற மாதம் பாதியில் கைவிட்ட சிகிச்சை எதுவும் அதற்கு ஒரு பொருட்டன்று. பழையதையே திரும்பத் திரும்பக் கேட்டு அலுத்த ஒருவருக்கு, இப்போதைய தன் கையசைவுக்கு மட்டும் நேர்மையான மறுமொழி கிடைப்பது அரிய அனுபவம்.

அடுத்தது தொடுகை. எச்.ஐ.வி. தொடுவதால் பரவாது என்பதை அறிந்தவர்களும் கையுறையைத் தேடுவதுண்டு. தெருவில் வாழ்பவரைத் தொடும் கைகள் பெரும்பாலும் சோதனையிடும் கைகளோ ஊசி குத்தும் கைகளோதான். அன்போடு தொடுவதும் தொடப்படுவதும் அற்றுப்போன உடலுக்கு நாயின் முதுகு ஒரு தொடக்கம். உடலியலும் இதற்கு ஓரளவு துணைநிற்கிறது. தென்னாப்பிரிக்காவில் ஓடென்டால், மைன்ட்ஜெஸ் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நாயோடு அமைதியாக அளவளாவிய மனிதரிடம் பிணைப்புணர்வோடு தொடர்புடைய ஆக்சிடோசின் உயர்ந்தது. மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் தாழ்ந்தது. நாயிடமும் ஆக்சிடோசின் உயர்ந்தது என்பது அந்த ஆய்வின் அழகு. அழுத்தம் ஏறும்போது போதைவேட்கையும் ஏறும் என்பது இத்துறையில் நன்கு நிறுவப்பட்டது. ஆகவே அழுத்தம் தணியும் ஒவ்வொரு பத்து நிமிடமும் பேச்சுக்கும் பரிசோதனைக்கும் கிடைக்கும் ஓர் இடைவெளி.

பத்து நிமிடம் என்று மனம்போன போக்கில் சொல்லவில்லை. சஸ்கடூன் நகரின் அவசர சிகிச்சைப் பிரிவில் ஏறத்தாழ 200 நோயாளிகளை இரு பிரிவாகக் கொண்டு நடந்த ஆய்வில், நாயின் வருகை அத்தனை நேரந்தான். வலி, பதற்றம், மனச்சோர்வு மூன்றும் குறைந்ததாக நாய் வந்துசென்ற பிரிவினர் தெரிவித்தனர். ஆய்வு 2022இல் வெளிவந்தது. அதில் பங்குகொண்ட கொலீன் டெல், சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தில் போதைப் பழக்கத்தை ஆராய்பவர். அந்நகரத்து உளநோய்ச் சிறையிலும் இத்தகைய பணியை ஆராய்ந்தவர். நாய் வந்திருப்பது எவருக்கும் மறையாது என்பதால், எதிர்பார்ப்பின் பங்கை இவ்வாய்வுகளில் தனியே பிரித்தெடுப்பது கடினம். இக்குறையை மறைத்துப் பேசுகிறவர்கள் நாய்க்கு நன்மை செய்வதில்லை.

இன்னும் ஆழத்தில் ஒன்று இருக்கிறது. நோயாளி என்பவர் எப்போதும் பெறுபவராகவே வைக்கப்படுகிறார். நாயின் முன் அவர் கொடுப்பவராகிறார். 1987இல் சான்பிரான்சிஸ்கோவில் எய்ட்ஸ் நோயாளிகளின் வளர்ப்புப் பிராணிகளைப் பேணவென்றே ஓர் அமைப்பு உருவானது. விலங்குகளிடமிருந்து தொற்று வரும் என்று அஞ்சி, அவற்றைக் கைவிடும்படி மருத்துவர்கள் அறிவுரைத்த காலம் அது. 1999இல் ஜூடித் சீகல் குழுவினர், எய்ட்ஸ் உள்ள ஆண்களில் பிராணி வளர்ப்போரிடம் மனச்சோர்வு குறைவு என்றும், மனம்விட்டுப் பேச ஆளில்லாதவர்களிடம் இந்த வேறுபாடு கூடுதல் என்றும் கண்டனர். அவை வீட்டுப் பிராணிகள்; வருகை நாய்கள் அல்ல. ஆயினும் பேணுதலே பேணுபவரைத் தாங்குகிறது என்ற குறிப்பு அதில் தெளிவாகவே இருக்கிறது.

முன்னெச்சரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எச்.ஐ.வி. நாய்க்குத் தொற்றுவதில்லை. ஆனால் எதிர்ப்பாற்றல் மிகக் குன்றியவருக்கு நாயிடமிருந்து சால்மொனெல்லா போன்ற குடல்தொற்றுகள் வரக்கூடும். எனவே தடுப்பூசி, தொட்டபின் கைகழுவுதல், பச்சை இறைச்சி ஊட்டாமை, ஆறாத புண்ணை நக்கவிடாமை ஆகியவை கட்டாயம்.

நாயின் வாரைப் பிடித்திருப்பவரைப் பற்றிப் பேசாமல் இந்த விளக்கம் முழுமை பெறாது. நல்ல தன்னார்வலர் அறைக்குள் நுழையுமுன், “நாங்கள் அருகில் வரலாமா?” என்று கேட்பார். வேண்டாம் என்று தலையசைத்தால் விலகிச் செல்வார். தெருநாய்களின் கடிக்கு அஞ்சி வளர்ந்தவர்களும் அங்கே உண்டு. நாயும் மறுக்கலாம்: அது கொட்டாவி விட்டாலோ, உதட்டை நக்கினாலோ, முகத்தைத் திருப்பினாலோ, வரிசையில் யார் காத்திருந்தாலும் அன்றைய வருகையை முடித்துவிடுவார். தன் மறுப்பை ஒருபோதும் எவரும் மதித்திராத ஒருவர், ஒரு நாயின் மறுப்புக்குக்கூட அறை முழுவதும் கட்டுப்படுவதைப் பார்க்கிறார். இரத்தப் பரிசோதனைக்கு ஒப்புகிறாரா இல்லையா என்பதைச் செவிலியர் அதன் பிறகு கேட்டால், தனக்கும் மறுக்கும் உரிமை உண்டு என்று அறிந்தபடியே அவர் விடை சொல்ல முடியும்.